ஒன்பதாவது துளை

துளைகள் எட்டு இருந்தன. காலையில் டெல்ஃபின் போட்டது ஆறு.

கரையில் நின்றபடியே அவள் இன்னொரு தடவை எண்ணினாள். போட்ட ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் ஆரஞ்சுத் துணி கட்டிய குச்சி ஒன்றை நட்டுவைப்பது அவளுடைய தொழில் வழக்கம். குச்சிகள் ஆறுதான். ஆறாவதைத் தாண்டி, அதே நேர்கோட்டில், அதே இருபதடி இடைவெளியில், குச்சியில்லாத இரண்டு துளைகள் உறைந்த குளத்தின் நடுவை நோக்கிப் போயிருந்தன. அவளுடைய துளைகளைச் சுற்றி, பெட்ரோல் துளைப்பானின் திருகு இரும்பு வெளியே தள்ளிய பனித்தூள் வெள்ளையாகக் குவிந்திருந்தது. அந்த இரண்டைச் சுற்றியும் குவிந்திருந்தது கறுப்பு.

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைக்கவும் வழியில்லை. மூடிப்போன இந்தச் சுரங்கத்துக்கு இப்போது அவள்தான் காவல்; ஒரே வாயிற்கதவுக்கு ஒரே சாவி, அது அவள் இடுப்பில். பனிமேல் அவளுடைய காலடிகள் ஆறாவது குச்சிவரை போய்த் திரும்பியிருந்தன. அதற்கப்பால் ஒரு காக்கை நடந்த தடம்கூட இல்லை.

"என்னடி, மரம் மாதிரி நின்னுட்டே?" பிக்கப் வண்டியின் பின்பக்கம் குனிந்து சாமான்களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா ரோஸலி கேட்டாள். "ஃபிளாஸ்க்ல டீ ஆறிடும்."

"ஒண்ணுமில்லக்கா. கண்ணு கூசுது."

கூசுகிற அளவுக்கு வெயில் எங்கே இருக்கிறது? ஜனவரி மாதம், பிற்பகல் இரண்டரை மணி, மைனஸ் முப்பத்தெட்டு. சூரியன் மர உச்சிகளைத் தொட்டுக்கொண்டு போனால் போகிறது என்று தொங்கிக்கொண்டிருந்தது. இந்தக் குளிரில் எதற்கும் வாசனை கிடையாது; மூக்கு முடி உறைந்து குத்தும், அவ்வளவுதான். அப்படியிருக்க, ஜூலை வெயிலில் ஆற்றங்கரை மேட்டிலிருந்து ஒழுகும் தாரின் வாடை, கொழகொழவென்று, வெதுவெதுப்பாக அவள் தொண்டைக்குள் இறங்கியது.

குளம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். அது ஒரு சுரங்கப் பள்ளம். எந்தக் காலத்திலோ கடலில் கலந்த ஏதோ ஒரு ஆறு விட்டுப்போன மணல், அதற்குள் ஊறி நின்ற தார். இந்தப் பக்கத்து ஜனங்கள் அதை அள்ளித் தோணியின் விரிசலில் பூசியதோடு நிறுத்திக்கொண்டார்கள். வெளியிலிருந்து நூறு வருஷத்தில் மூன்று கூட்டம் வந்தது. முதலில் வந்தவர்கள் அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது வந்தவர்களின் கொட்டகை எரிந்துபோனது. மூன்றாவதாக வந்த கம்பெனி காட்டை உரித்து, சேற்று நிலத்தை உரித்து, களிமண்ணை உரித்து, அடியில் சுண்ணாம்புப் பாறை தட்டுப்படும்வரை தோண்டி, மணலைச் சுடுநீரில் அலசி எண்ணெயை எடுத்துக்கொண்டு, அலசிய கழிவை அதே பள்ளத்தில் கொட்டிவிட்டு, மஞ்சள் கடுதாசி கொடுத்துப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சேறு இருக்கிறதே, அது மண்ணும் ஆகாது, தண்ணீரும் ஆகாது. தானாகப் படிந்து இறுக நூறு வருஷம் ஆகும் என்று கம்பெனி ஆட்களே வாய் கூசாமல் சொன்னார்கள். அதற்குள்தான் ரோஸலியின் புருஷன் காஸ்பார் புல்டோசரோடு பதினோரு வருஷமாகக் கிடந்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பனிமேல் வழி போடும் வேலை. புல்டோசர் ஏறுவதற்கு முன் ஒன்பது துளை போட்டு, ஒவ்வொன்றிலும் கொக்கிக் கோலை இறக்கி, பனிக்கட்டியின் அடிவிளிம்பில் கொக்கியை மாட்டி, கனத்தைப் படித்துத் தாளில் எழுத வேண்டும். டெல்ஃபின்தான் அளவுக்காரி. 'என்ன ஐஸ்காரி, தாங்குமா?' என்று காஸ்பார் தினமும் கேட்பான். எஞ்சின் இரைச்சலில் குரல் கேட்காது. ஸ்பானரால் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டுவான். அவள் கட்டைவிரலை உயர்த்துவாள். தாங்கும். அவன் ஏறுவான்.

அவனுடைய கடைசி நாளில் மைனஸ் நாற்பத்தொன்று. ஆறு துளை போட்டதும் துளைப்பான் இருமி இருமி நின்றது. கை மரத்துவிட்டது. டெல்ஃபின் ஆற்றங்கரையில் பிறந்தவள்; பனியின் சத்தத்தை வைத்தே கனம் சொல்லுகிற குடும்பம். காதை வைத்துக் கேட்டாள். பனி ஆழமாக, நிதானமாக முனகியது. முனகுகிற பனி நல்ல பனி. ஆற்றில் அது சரி. அடியில் சேறு வெதுவெதுப்பாகப் புளித்து வாயு விடும் குளத்தில் அது சரியில்லை என்று அவள் குடும்பத்தில் யாருக்குத் தெரியும்? ஏழு, எட்டு, ஒன்பதுக்கு எழுபத்துமூன்று, எழுபத்திரண்டு, எழுபத்துநான்கு சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினாள். ஏழாவது இருக்கவேண்டிய இடத்தில் பனி விரிசல் விட்டது. எட்டாவதைத் தாண்டும்போது புல்டோசர் மூக்கு குத்தி இறங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டே போனான்.

விசாரணையில் ஒன்பதும் போட்டேன் என்றாள். கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னாள். உடலைத் தோண்டித் தரச் சொல்லி ரோஸலி கம்பெனியோடு மல்லுக்கு நின்ற அத்தனை வருஷமும் பக்கத்திலேயே நின்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா ஒருத்திதான் அவளுக்கு உறவென்று மிச்சம். அந்த ஒரு உறவும் ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவிலிருந்த பொய்யின்மேல் நின்றுகொண்டிருந்தது.

ரோஸலி சாமான்களோடு வந்து நின்றாள். எனாமல் தட்டில் உலர்ந்த மூஸ் மான் கறியும் பேனக் என்கிற தட்டை ரொட்டியும், ஒரு பொட்டணம் புகையிலை, தீ மூட்டத் தகர டப்பா. கையில் அவளே தைத்த தோல் கையுறை, மணியால் கோத்த சிவப்பு ரோஜா அதன் முதுகில். செத்தவனுக்கு வருஷா வருஷம் சோற்றை எரித்துக் கொடுக்கும் நாள் இது.

"எட்டு போட்டிருக்கே. கடைசி ரெண்டுக்குக் குச்சி எங்கே?"

"தீந்துபோச்சுக்கா."

"அவரு எப்பவும் ஒன்பதுன்னு சொல்வாரு."

"ஒன்பது புல்டோசருக்கு. நீ என்ன புல்டோசரா?"

ரோஸலி சிரித்தாள். "உடம்பைப் பாத்தா அப்படித்தான் இருக்கு."

டெல்ஃபினால் சிரிக்க முடியவில்லை. இருவரும் குச்சிகளை ஒட்டி நடந்தார்கள். பனி முனகியது, நல்ல பனியின் முனகல்தான். ஆனால் அதன் அடியில், மிக அடியில், வேறொன்று கேட்டது. சின்ன பெட்ரோல் எஞ்சின் ஒன்று இருமி இருமிப் பிடிக்கப் பார்க்கும் சத்தம். அவளுடைய துளைப்பான் கரையில் சறுக்குவண்டிமேல் எண்ணெய் உறைந்து கிடந்தது. திரும்பிப் பார்த்து அதை உறுதிசெய்துகொண்டாள்.

ஆறாவது குச்சியில் அவள் நின்றுவிட்டாள். அங்கிருந்து ஏழாவது துளை தெளிவாகத் தெரிந்தது. மேலிருந்து போட்ட துளையின் வாய் கூராக, வட்டமாக இருக்கும். அதன் வாய் சிதறிப் பிளந்திருந்தது. அடியிலிருந்து மேலே உடைத்துக்கொண்டு வந்த வாய்.

"இங்கேயே வெச்சிடலாமேக்கா. குளிர் தாங்கல."

"பதினோரு வருஷமா கரையிலேருந்து நாய்க்கு எறியற மாதிரி எறிஞ்சேன்டி. இன்னைக்கு அவரு பக்கத்துல வெக்கணும். கேட்டைத் திறக்க என் தங்கச்சி இருக்கா, வேற யாரு எனக்குச் செய்வா?"

"இரு. ஒருதரம் அளந்துடறேன்."

நேரம் கடத்தத்தான் சொன்னாள். கொக்கிக் கோலை ஆறாவது துளைக்குள் இறக்கினாள். பத்தங்குல அகலத் துளை. சாப்பாட்டுத் தட்டு ஒன்று நுழையும். நீர்மட்டத்தில் கறுப்பாக ஒரு படலம் மினுங்கியது. கொக்கி அடிவிளிம்பைத் தொட்டு மாட்டியது. தொண்ணூறு. போதும். வெளியே இழுத்தாள்.

வரவில்லை.

கோல் அவள் கைக்குள் அசைந்தது. ஒரு இழுப்பு. சற்றுப் பொறுத்து இன்னொரு இழுப்பு. பலமாக இல்லை, கண்ணாடியில் தட்டுகிற மாதிரி, கேள்வி கேட்கிற மாதிரி. அவள் விரல்கள் தாமாகத் திறந்தன. கோல் சத்தமில்லாமல் உள்ளே போனது.

ரோஸலி அந்தப் பக்கம் திரும்பி, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொல்லுது? தாங்குமா?"

இப்போது சொல்ல வேண்டும். நான் ஆறுதான் போட்டேன், இன்றைக்கும், அன்றைக்கும். அக்காவின் முகம் குளிரில் சிவந்து, இமை முடிகளில் பனி வெள்ளையாகப் பூத்து, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அந்த முகம் தன்னைப் பார்க்கும் விதம் மாறிப்போவதை டெல்ஃபினால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

"தாங்கும்," என்றாள்.

ரோஸலி நடந்தாள். ஏழாவதைச் சுற்றிப் போனாள். எட்டாவதில் குனிந்து கறுப்புத் தூளைப் பார்த்துவிட்டு, "இதென்னடி இப்படி அழுக்கு," என்று சொல்லிக்கொண்டே தாண்டினாள். இருபதடி போய் மண்டியிட்டாள். டப்பாவில் மரப்பட்டையைக் கொளுத்தினாள். கறித்துண்டைத் தீயில் இட்டாள். அவள் தாழ்ந்த குரலில் புருஷனோடு பேசுவது கேட்டது. பக்கத்து வீட்டுக் கல்யாணம், கூரை ஒழுகல், பிக்கப்பின் பேட்டரி. கறி கருகும் வாசனை வந்தது. அதன்மேல் தார் வாடை ஏறி வந்தது.

டெல்ஃபின் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா சீக்கிரம் எழுந்துவிட வேண்டும். புகையிலையைத் தூவிவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் இன்றைக்கு ராத்திரியே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

பனிக்கு அடியில் இரண்டு தட்டு. இரும்பின் சத்தம்.

ரோஸலி நிமிர்ந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "டெல்ஃபின், கேட்டுதா? அவரு தட்டறாருடி."

"அக்கா, வா. வந்துடு."

"ரெண்டு தட்டு. நீ கட்டைவிரலைக் காட்டணும்."

"வந்துடுக்கா. அங்கே நிக்காதே. அங்கே நான் துளை போடலை."

"என்ன?"

"ஆறுதான் போட்டேன். அது தாங்குமா தெரியாது. வா."

"நீதானே தாங்கும்னு சொன்னே?" ரோஸலி எழவில்லை. மண்டியிட்டபடியே தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வை மெல்ல மாறுவதை, இருபது, நாற்பது, அறுபதடி தூரத்திலிருந்து டெல்ஃபின் பார்த்தாள். அக்கா கணக்குப் போட்டுவிட்டாள். "அன்னைக்கு?"

எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பனி அவளுடைய முழங்கால்களுக்கு நடுவே வெடித்தது. திருகு இரும்பு கறுப்புத் தண்ணீரைச் சுழற்றிக்கொண்டு மேலே வந்து, அங்கியைச் சுருட்டி, தொடையைச் சுருட்டி, வந்த வழியே இறங்கியது. சிவப்பு அரை வட்டமாகப் பனிமேல் விழுந்தது. ரோஸலி கத்தவில்லை. கத்த மூச்சு இல்லை. துளைக்குள்ளிருந்து கொக்கிக் கோல் எழுந்தது. டெல்ஃபினின் கோல். கொக்கி குருட்டுக் கை மாதிரி பனிமேல் இங்கும் அங்கும் தடவி, விளிம்பைத் தேடி, ரோஸலியின் இடுப்பெலும்பைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டது.

ஒரு இழுப்பு.

பத்தங்குலத் துளை. அதற்குள் ஒரு மனுஷி.

எலும்புகள் ஒவ்வொன்றாக வழிவிட்ட சத்தத்தை டெல்ஃபின் கேட்டாள். உலர்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். கடைசியாகப் போனது ஒரு கை, சிவப்பு ரோஜா. எனாமல் தட்டு மட்டும் துளையோரத்தில் ஆடிக்கொண்டிருந்து, பிறகு அடங்கியது.

அவள் ஓடினாள். விழுந்தாள், எழுந்து ஓடினாள். பிக்கப்பின் சாவி அக்காவின் சட்டைப் பையில். குளத்தைச் சுற்றிய அணைமேட்டில் இருந்த தன் காவல் அறைக்குள் புகுந்து, தாழ்ப்பாள் போட்டு, மேசையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, வயர்லெஸ்ஸை எடுத்தாள். யாரோ ஒருவன் தூக்கக் கலக்கத்தில் பதில் சொன்னான். ஊரிலிருந்து வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆகும், எங்கேயும் போகாதே, தரையில்தானே இருக்கிறாய் என்று கேட்டான்.

"தரையிலதான் இருக்கேன்," என்றாள்.

தரை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பனி அவனுடையது, தண்ணீர் அவனுடையது. இது தரை, ஒட்டுப்பலகைத் தளம், அதற்கடியில் அணைமேடு. அணைமேட்டை எதனால் கட்டினார்கள்? அலசிய மணலால். அதற்கடியில்? அலசாத மணல். ஆற்றுக்கு அடியில் போகிறது அது, நெடுஞ்சாலைக்கு அடியில் போகிறது, ஊருக்கும் மாதா கோயிலுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் அடியில் போகிறது. கம்பெனி சுரண்டியது ஒரு மூலையை. மூன்று நாள் வண்டி ஓட்டினாலும் அதன்மேல்தான் ஓட்ட வேண்டும். அவள் பிறந்த வீடும் அதன்மேல்தான் நின்றது. காஸ்பார் குளத்தில் இல்லை. பதினோரு வருஷத்தில் ஒரு மனிதன் எவ்வளவு தூரம் ஊறியிருப்பான்?

ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டு வந்தது.

கதவோரத்தில் பலகை வீங்கியது. சிராய்கள் மேல்நோக்கிப் பிளந்தன. திருகு இரும்பு வந்தது, நின்றது, இறங்கியது. ஒரு துளை. சுற்றிலும் கறுப்பு மணல். அவள் கால்களைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். அறை நடுவில், அடுப்புக்குப் பக்கத்தில், இன்னொரு துளை. அதே நேர்கோடு. அந்தக் கோடு அடுத்து எங்கே வரும் என்று பார்க்க அவளுக்குக் கோல் தேவைப்படவில்லை. சுவரோரமாக நாற்காலி, நாற்காலிமேல் அவள். பின்னால் சுவர். முன்னால் துளைகள். ஜன்னலில் கம்பி.

"போடலை," என்றாள். மறுபடி சொன்னாள். "அத்தான், நான் போடலை. ஏழு, எட்டு, ஒன்பது மூணும் போடலை. கை மரத்துப்போச்சு. ஐஸ் நல்லாத்தான் முனகிச்சு. நானே எழுதிட்டேன். கோர்ட்டுல பொய் சொன்னேன். அக்காகிட்ட பொய் சொன்னேன். தாங்காதுன்னு எனக்குத் தெரியாது அத்தான். தெரிஞ்சுக்கணும்னு நான் பாக்கலை. அதுதான் நிஜம்."

எல்லாம் நின்றது. எஞ்சினும் நின்றது. அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சொல்லியாகிவிட்டது. பதினோரு வருஷம் நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. கேட்டவனும் கேட்டுவிட்டான். அவ்வளவுதானே அவனுக்கு வேண்டியிருந்தது?

நாற்காலிக்கு நேர் கீழே, இரண்டு தட்டு.

பொறுமையான தட்டு. தினமும் காலையில் கேட்ட அதே கேள்வி. பதில் வராமல் அவன் ஏற மாட்டான். ஒருநாளும் ஏறியதில்லை. அவள் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் திணித்து, விரல்களை இறுக்கி மடக்கிக்கொண்டாள். நான் சொல்ல மாட்டேன். நான் காட்டவே மாட்டேன். வண்டி வரும்வரை இப்படியே.

அடுப்புக்குப் பக்கத்துத் துளையில் ஏதோ அசைந்தது.

முதலில் கறுப்பு வழிந்தது. பிறகு தோல் கையுறை ஒன்று மணிக்கட்டுவரை எழுந்து நின்றது, தார் சொட்டச் சொட்ட. அதன் முதுகில் மணி கோத்த ரோஜா. அது மெல்ல டெல்ஃபினின் பக்கம் திரும்பியது. விரல்கள் மடங்கின.

கட்டைவிரல் உயர்ந்தது.